ஏழாம் நம்பர் ஷூ

எங்கள் வீட்டு வாசலில் கிடக்கும் செருப்புகளில் எது யாருடையது என்று எனக்கும் தெரியாது, என் கணவருக்கும் தெரியாது. இருவருக்கும் ஏழாம் நம்பர். ஆணுக்கு அது சின்னக் கால், பெண்ணுக்கு அது பெரிய கால். சின்ன வயதில் செகந்திராபாத் கடைத்தெருவில் எனக்குச் செருப்பு வாங்குவதற்குள் அம்மாவுக்குப் போதும் போதும் என்றாகிவிடும். கடைக்காரர் என் காலைப் பார்த்துவிட்டு ஆண்கள் செருப்பு இருக்கும் பக்கம் கையைக் காட்டுவார். கல்யாணமாகிப் போலாரத்தில் குடித்தனம் வைத்த முதல் வாரம், இவர் அவசரத்தில் என் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு பால் வாங்கப் போய்விட்டார். திரும்பி வந்து, "நல்லாத்தாம்ட்டி இருக்கு" என்றார். அன்றைக்கு ஏற்பட்டதுதான் எங்கள் வீட்டுச் சட்டம். முதலில் வெளியே கிளம்புகிறவருக்கு நல்ல செருப்பு, மிஞ்சியது மற்றவருக்கு.

இதில் எனக்கு ரகசியமான பெருமை உண்டு. புருஷனின் சட்டையைப் போட்டுக்கொள்ளும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். புருஷனுக்குச் செருப்பு இரவல் கொடுக்கிறவள் எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான்.

அந்தச் சட்டத்துக்குள் அடங்காத ஒரு பொருள் போன வருஷம் மழைக்காலம் முடிந்த கையோடு வீட்டுக்குள் வந்தது. ஓடுவதற்கான ஷூ. அடிப்பாகம் இரண்டு பன்னை ஒட்டி வைத்தது போல உப்பியிருந்தது. மேலே வெள்ளைத் துணி, பக்கத்தில் வான நீலத்தில் ஒரு கோடு. இவர் அதைப் போட்டுக்கொண்டு ஹாலில் நின்றபோது ஒரு விரற்கடை உயர்ந்திருந்தார். கல்யாணப் படத்தில் தொடங்கி என் தோளோடு தோள் சமமாக நின்றுகொண்டிருந்த மனிதர்.

கழற்றி வைத்ததும் நான் வழக்கம் போல என் காலை அதற்குள் விடப்போனேன்.

"ஏட்டி, இத மட்டும் நக்கோ" என்றார்.

நக்கோ என்றால் வேண்டாம். எங்கள் பிறந்த வீட்டில் மூன்று தலைமுறையாகப் புழங்கும் ஹைதராபாத் சொல். பாளையங்கோட்டையிலிருந்து பேகம்பேட்டில் இன்சூரன்ஸ் உத்தியோகத்துக்கு வந்து என்னைக் கட்டிக்கொண்ட இவர், அதைச் சொல்லிச் சொல்லித்தான் என்னைக் கிண்டல் செய்வார். அவர் வாயில் அந்தச் சொல் விளையாட்டாக இல்லாமல் வந்தது அதுதான் முதல் தடவை.

"கைக்கு?" என்றேன். ஏன் என்று அர்த்தம்.

"ஒருத்தர் கால் விழுத மாதிரிக்கு அந்த ஃபோம் அமுங்கிக்கிடுமாம். இன்னொருத்தர் போட்டா கெட்டுப்போயிருமாம். மேடம் சொன்னாவ."

சொன்னாவ. அவர் ஊர்ப் பேச்சில் இந்த மரியாதையை அவர் தன் அம்மாவுக்கும் பங்குச் சாமியாருக்கும் மட்டும்தான் வைத்திருந்தார். மூன்றாவதாக ஒருத்தி அந்த வரிசையில் வந்து நின்றது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

மேடம் ஒரு வங்கியில் மேலாளர். தெலுங்குக்காரி, நல்ல உயரம், கழுத்தோடு வெட்டிய முடி. எங்கள் பகுதியில் விடியற்காலையில் ஏழெட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டு ஓடுகிறவள். வெளியே நான் அவளை மேடம் என்பேன், மனதுக்குள் வெறும் 'அவள்'தான். இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

அவள் எங்களுக்குப் பழக்கமானது நடைப்பயிற்சியில். வீட்டிலிருந்து கிளம்பி, பட்டாளத்துச் சுவரை ஒட்டியே போய், பழைய பங்களாக்கள் இருக்கும் தெருவைச் சுற்றிக்கொண்டு, ரயில் நிலையத்துத் திருப்பத்தில் டீ குடித்துவிட்டுத் திரும்புவோம். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் பேச்செல்லாம் அந்த நடையில்தான். வீட்டுக்குள் வந்துவிட்டால் அவருக்கு அலுவலகம், எனக்கு அடுப்பும் கணக்கு டியூஷனும். வீடு வாங்கலாம் என்று முடிவு செய்தது, மகளை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது என்று சண்டை போட்டது, அவர் அப்பா இறந்த பிறகு அவர் முதன்முதலாக அழுதது, எல்லாம் அந்தச் சுவரோரம்தான். அவர் செருப்பு டப் டப் என்று அடித்துக்கொண்டே வரும். அந்தச் சத்தம் பக்கத்தில் இருந்தால் போதும், முகத்தைப் பார்க்காமலே எதையும் பேசிவிடலாம்.

இவருக்குச் சர்க்கரை எட்டிப் பார்க்க ஆரம்பித்த சமயம், ஒரு நாள் அவள் எங்களைத் தாண்டி ஓடியவள் திரும்பி வந்தாள். "சார், நடந்தால் போதாது, மெதுவாக ஓடிப் பாருங்கள்" என்று தெலுங்கில் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பி, "ஆன்ட்டி, நீங்கள் நடந்தாலே நல்லது, முட்டி வலி இருக்கிறது போல" என்றாள். அவர் சார், நான் ஆன்ட்டி. என்னைவிட அவளுக்கு இரண்டு வயதாவது கூட இருக்கும்.

முட்டி வலி இருந்தது உண்மைதான். மகள் பிறந்த பிறகு வந்து ஒட்டிக்கொண்ட வலி. அதற்கு முன்னால் நான் யார் என்பது இந்தக் கணவருக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. கான்வென்ட் பள்ளியில் எண்ணூறு மீட்டரில் என்னை முந்த ஆள் இல்லை. கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு ஓடிய ஓட்டம். எனக்கு அந்த ஏழாம் நம்பர் காலால் கிடைத்த ஒரே நன்மை அது. அவளிடம் அதைச் சொல்லுங்கள் என்று இவரைப் பார்த்தேன். இவர், "மெதுவான்னா எவ்வளவு மெதுவா மேடம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்புறம் ஷூ வந்தது, இவர் ஓட ஆரம்பித்தார். கிளம்பும்போது சேர்ந்துதான் கிளம்புவோம். பட்டாளத்துச் சுவர் வந்ததும், "நீ வந்துகிட்டே இரு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அந்த ஷூவுக்குச் சத்தமே கிடையாது. பக்கத்தில் இருக்கிறாரா போய்விட்டாரா என்று திரும்பிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பாதிப் பேச்சில் திரும்பினால் ஆள் இருக்க மாட்டார். நான் தனியாக முட்டியைத் தேய்த்துக்கொண்டு ரயில் நிலையத்துத் திருப்பத்துக்குப் போய்ச் சேரும்போது அந்தக் கூட்டம் டீ குடித்து முடித்திருக்கும். நடுவில் இவர் சிரித்துக்கொண்டு நிற்பார். என்னிடம் சொல்லாத ஒரு நகைச்சுவை அங்கே முடிந்திருக்கும்.

எனக்குப் பொறாமை. அக்கறை, கவலை என்றெல்லாம் வேறு பெயர் வைத்துப் பூசி மெழுக விருப்பமில்லை. அந்த ஷூவைப் பார்த்தாலே வயிறு எரிந்தது. காலை இட்லியோடு குதிகால், முன்பாதம், அடிப்பாகத்தின் உயரம் என்று பேச்சு வரும். "மேடம் சொன்னாவ, வேகமா ஓடுததுக்கு இது இல்ல, தினப்படி ஓட்டத்துக்கு இதுதான் தோதுன்னு." "மேடம் சொன்னாவ, ஒரு நாள் ஓடினா மறுநாள் ஷூவுக்கு ரெஸ்ட் குடுக்கணும்னு." ஷூவுக்கு ஓய்வு. எனக்கு ஞாயிற்றுக்கிழமையில்கூடக் கிடையாது, சர்ச்சில் பூசைக்குப் போய் வந்ததும் பிரியாணிக்கு வெங்காயம் நறுக்க வேண்டும். பூசை முடிந்து வெளியே வந்தால் அங்கேயும் அதே கதை. "ஹவ், ஆமாம்ல, அண்ணன் எப்படி இளைச்சிட்டாரு, நீங்களும் ஏதாவது செய்யலாமே" என்று என்னிடமே வந்து சொல்வார்கள். காதில் புகை வராத குறை.

மகள் ஒரு நாள் போனிலிருந்து தலையை எடுக்காமல், "அம்மா, யூ ஆர் ஜெலஸ்" என்றாள். நாங்கள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்திலோ தெலுங்கிலோ பதில் சொல்கிற பெண்.

"ஷூ மேலயா, மேடம் மேலயா?" என்று கேட்டேன்.

"போத்" என்றாள். இரண்டு பேர் மேலேயும்.

ஏப்ரலில் அலுவலக வேலையாக இவர் விசாகப்பட்டினம் போக வேண்டியிருந்தது. ஒரு வாரம். அலுவலகத்துக்குப் போடும் கறுப்பு ஷூவோடு போய்விட்டார். ஓட்ட ஷூவை ஒரு துணிப் பையில் போட்டு, செருப்பு அடுக்கின் மேல்தட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தார். முதல் நாள் அதைப் பார்த்தும் பார்க்காதது போல நடந்துவிட்டு வந்தேன். இரண்டாம் நாள் பையைப் பிரித்தேன்.

காலை விட்டு எழுந்து நின்றதும் முதலில் பயமாகத்தான் இருந்தது. மெத்தை மேல் நின்று பரணில் இருந்து பாத்திரம் எடுக்கும்போது ஒரு ஆட்டம் ஆடுமே, அது. நீளம் கனகச்சிதம், பக்கவாட்டில்தான் கொஞ்சம் தொளதொளப்பு. என் பாதம் இவர் பாதத்தைவிட ஒடுக்கம் என்பது இத்தனை வருஷம் செருப்பு மாற்றிப் போட்டும் எனக்குத் தெரியவில்லை. செருப்பில் அது தெரியாது. கயிற்றை இழுத்து இரட்டை முடிச்சுப் போட்டேன்.

அந்தக் கூட்டம் போகும் வழியை விட்டுவிட்டு, பங்களாத் தெருவில் ஆள் இல்லாத பக்கமாக ஓட்டமும் நடையுமாகப் போனேன். திருப்பங்களில் கணுக்கால் லேசாக வெளிப்பக்கம் சாய்ந்தது. மேட்டில் ஏறும்போது, காலால் உதைக்கிற பலத்தில் பாதியை அந்த மெத்தையே விழுங்கிக்கொண்டது போல இருந்தது. ஆனால் குதிகால் தரையில் பட்டதும் பாதம் தானாக முன்னால் உருண்டு அடுத்த அடிக்குத் தயாராகிவிட்டது. சரிவில் இறங்கும்போது முட்டியில் எப்போதும் வருகிற அந்தக் குத்தல் வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். வரவில்லை. சரிவு முடிந்து, பெரிய மரம் ஒன்று வேரால் தார்ச்சாலையைத் தூக்கி வைத்திருக்கும் இடம் வரைக்கும் வரவில்லை. நான் ஓடிக்கொண்டிருந்தேன்.

அழுகை வந்தது. உடனே கோபம் வந்தது. இத்தனை மாதமாக இந்த மனிதர் இதைக் காலில் மாட்டிக்கொண்டு, என் முட்டியை என்னோடு விட்டுவிட்டு, "நீ வந்துகிட்டே இரு" என்று சொல்லிக்கொண்டு இதன் மேல் மிதந்து போயிருக்கிறார். ஒரு நாள், ஒரே ஒரு நாள், நீயும் போட்டுப் பாரேன் என்று தோன்றியிருக்கிறதா? மேடத்துக்கு என் முட்டி வலி தெரிந்திருக்கிறது. இவருக்கு ஷூவின் உடல்நலம் தெரிந்திருக்கிறது.

அந்த வாரம் முழுக்க ஓடினேன். ஷூவுக்கு ஓய்வும் இல்லை, ஒன்றும் இல்லை. வீட்டு மாடிப்படியில் கைப்பிடியைப் பிடிக்காமல் இறங்கினேன். கடைசி நாள் கோடை மழை பிடித்துக்கொண்டது. திரும்பி வரும்போது வெள்ளை ஷூ செம்மண் ஷூவாக இருந்தது.

அப்போதுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன். கான்வென்ட்டில் படித்த எந்தப் பெண்ணும் அதைத்தான் செய்திருப்பாள். சனிக்கிழமை தோறும் கேன்வாஸ் ஷூவைத் துவைத்து, மொட்டை மாடியில் காய வைத்து, வெள்ளைப் பாலிஷ் போட்டு, திங்கட்கிழமை அசெம்பிளியில் சிஸ்டர் முன்னால் காலை நீட்டி நின்று வளர்ந்தவர்கள் நாங்கள். ஷூ என்றால் துவைப்பது என்று கைக்கே தெரியும். ஊற வைத்தேன், சோப்புப் போட்டேன், பிரஷ்ஷால் தேய்த்தேன், அடித்துக் கழுவினேன். மழை விட்டு, அடுத்த நாள் வெயில் சுள்ளென்று அடித்தது. மாடிச் சுவர் மேல் சாய்த்து வைத்தேன். மாலையில் எடுத்தபோது புதிதாக வாங்கி வந்த அன்றுகூட அது அவ்வளவு வெள்ளையாக இருந்ததில்லை. தடயத்தை அழிக்கப் போய் ஊருக்கே தெரிகிற மாதிரி ஆக்கி வைத்திருந்தேன்.

இவர் வந்ததும் முதலில் பார்த்தது அதைத்தான்.

"துவைச்சியா?"

"அழுக்கா இருந்துச்சு."

மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். அடுத்த கேள்விக்குப் பதிலும் தயாராக இருந்தது. அவர் என்னைப் பார்த்து ஒரு மாதிரி கனிந்து சிரித்தார். "என்னத்துக்குட்டி உனக்கு இந்த வேலையெல்லாம், நானே தொடச்சிக்கிட மாட்டனா" என்றார். அவ்வளவுதான். நான் ஓடியிருப்பேன் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. எண்ணூறு மீட்டர் ஓடியவள் வீட்டில் இருக்கிறாள், அவள் கால் அளவு ஷூ இருக்கிறது, ஒரு வாரம் ஆள் இல்லை. இந்தக் கணக்கை என் டியூஷன் பிள்ளைகளில் மக்குப் பிள்ளைகூடப் போட்டுவிடும். இவருக்கு விடையாக வந்தது சலவை. திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

மறுநாள் ஓடப் போனவர் பாதி வழியில் திரும்பி வந்துவிட்டார். பக்கத்தில் பிடிக்கிறது, அடியில் கல்லாக இருக்கிறது என்றார். "மேடம் சொன்னாவ, வெயில்ல வைக்கவே கூடாதாம். ஃபோம் சுருங்கி செத்துப்போகுமாம்." அந்த வார இறுதியிலேயே அதே மாதிரி இன்னொரு ஜோடி வந்துவிட்டது. பழையதை என் பக்கம் தள்ளினார். "இது இனி ஓட்டத்துக்கு ஆகாது. நீ மார்க்கெட்டுக்குப் போட்டுக்கோ."

மார்க்கெட்டுக்கு. நல்லது என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் காலையில் அதைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். வெயில் சுருக்கியதில் பக்கவாட்டுத் தொளதொளப்பு போய் என் பாதத்துக்கு அளவெடுத்தது போல இருந்தது. மெத்தை கொஞ்சம் இறுகியதில் திருப்பத்தில் ஆட்டமும் இல்லை. அவருக்குச் செத்துப்போனது எனக்குச் சரியாக உயிரோடு இருந்தது. பட்டாளத்துச் சுவர் வந்ததும் அவர், "நீ வந்துகிட்டே…" என்று ஆரம்பித்தார். முடிக்கும்போது நான் அவருக்கு முன்னால் இருந்தேன்.

பங்களாத் தெருவில் அந்தக் கூட்டத்தை எட்டிப் பிடித்தேன். மேடம் திரும்பிப் பார்த்தாள். "ஆன்ட்டி, நீங்களா?" என்றாள். பிறகு என் காலைப் பார்த்தாள், நான் பாதம் வைக்கிற விதத்தைப் பார்த்தாள். "பள்ளிக்கூடத்தில் ஓடியிருக்கிறீர்கள், இல்லையா?" என்றாள். இவர் சொல்லாததை அவள் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிட்டாள். அவளைப் பிடிக்காமல் இருப்பது அந்த நிமிஷத்திலிருந்து கஷ்டமாகிவிட்டது, அதுவும் எனக்கு எரிச்சல்தான். இவ்வளவு நாள் வளர்த்த பொறாமையை எங்கே கொண்டு போய்க் கொட்டுவது? ரயில் நிலையத்துத் திருப்பம் வரை இருவரும் சேர்ந்து ஓடினோம். அவள் மாமியாரைப் பற்றிச் சொன்னாள், நான் கான்வென்ட் சிஸ்டரைப் பற்றிச் சொன்னேன். டீ பாதி குடித்த பிறகு இவர் வந்து சேர்ந்தார். நாங்கள் எதற்குச் சிரிக்கிறோம் என்று கேட்டார். சொன்னால் புரிகிற மாதிரி இல்லை.

கோடை முழுக்க இப்படியே போயிற்று. ஆன்ட்டி என்று கூப்பிடுவதை அவள் விடவில்லை, நானும் சொல்லிப் பார்க்கவில்லை. காலை இட்லியோடு இப்போது நான் பேசினேன். "மேடம் சொன்னாங்க, மேட்டுல சின்னச் சின்ன அடியா வைக்கணுமாம்." இவர் சட்னியைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார்.

மழை தொடங்கிய பிறகு ஒரு நாள், வாசலில் உட்கார்ந்து ஷூவுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன். இவர் புது ஷூவோடு பக்கத்தில் நின்றார்.

"இன்னைக்கும் மேடம் கூடத்தான் போவியா?"

இந்தக் கேள்வியை, மேடம் முதற்கொண்டு சொல் மாறாமல், நான் எத்தனையோ மாதமாக நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு நடந்திருக்கிறேன். கேட்டால் கேவலம் என்று விழுங்கியிருக்கிறேன். இவர் விழுங்கவில்லை, கேட்டேவிட்டார்.

"போனா என்ன?" என்றேன்.

"ஒண்ணுமில்ல." என் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். "இன்னைக்கு ஒரு நாளைக்கு மாத்திப் போட்டுக்கிடுவமா? நீ புதுச எடுத்துக்கோ. அத இங்க குடு."

வேகம் ஷூவில் இருக்கிறது என்று நினைத்துவிட்டார், பாவம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். ஆனாலும் பாவம் பார்க்க மனம் வரவில்லை.

"இத மட்டும் நக்கோ" என்றேன். "இது என் காலுக்கு அமுங்கினது. நீங்க விசாகப்பட்டினத்துல இருந்த வாரம் பூரா நான்தான் இதுல ஓடினேன். சேறாச்சு, அதான் துவைச்சேன்."

அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். 

"முட்டி வலிக்கலியா?" என்றார்.

"இல்ல. முதல் நாள்லேருந்தே இல்ல."

இன்னும் ஏதோ கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் குனிந்து புது ஷூவின் முடிச்சை அவிழ்த்தார். இரண்டையும் கழற்றித் துணிப் பையில் போடாமல் அப்படியே அடுக்கில் தள்ளினார். வாசலில் கிடந்த ரப்பர் செருப்பில் கைக்கு, இல்லை, காலுக்குக் கிடைத்ததை மாட்டிக்கொண்டார். அதில் ஒன்று என்னுடையதாக இருக்க வேண்டும், வார் ஒரு பக்கம் தேய்ந்திருந்தது.

"நடப்போம்" என்றார்.

பட்டாளத்துச் சுவரோரம் நடந்தோம். எனக்குச் சத்தமில்லை, அவருக்கு டப் டப். மகளுக்கு வேலை எங்கே கிடைக்கும் என்பதில் பேச்சு ஆரம்பித்தது. சுவர் முடிகிற இடத்தில் அந்தக் கூட்டம் எங்களைத் தாண்டிப் போயிற்று. மேடம் திரும்பி, பின்பக்கமாகவே ஓடிக்கொண்டு, "ஆன்ட்டி, வரலையா?" என்று தெலுங்கில் கத்தினாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் தனக்குத் தெரிந்த அரைகுறைத் தெலுங்கில், "வர மாட்டா, இன்னைக்கு என்கூட" என்று பதில் கொடுத்தார். மேடம் என்ற சொல் அதில் இல்லை. அந்தக் குரலில் இருந்த கடுப்பைக் கேட்டதும் ஒரு வருஷமாக எரிந்துகொண்டிருந்த என் வயிறு குளிர்ந்தது. அவர் பக்கம் திரும்பிப் பார்க்காமல், அதை ரசித்துக்கொண்டே டீக்கடை வரை நடந்தேன்.